வீட்டில் செய்யும் கலர் லேசர் புரொஜெக்டர்: எந்தச் சிவப்பு, எந்தப் பச்சை, எந்த நீலம்?

கேள்வி, ஏப்ரல் 9
(சேலம் குகையிலிருந்து ஒரு தம்பி)

அண்ணா, இந்த வருஷம் ஆடி வண்டி வேடிக்கையில் (மாரியம்மன் பண்டிகைக்கு சாமி வேஷம் கட்டியவர்களோடு அலங்கார வண்டிகள் வரும் ஊர்வலம்) எங்கள் தெரு வண்டிக்கு நாங்களே செய்த கலர் லேசர் வைக்கலாம் என்று இருக்கிறோம். பழைய டிவிடி ரைட்டரிலிருந்து எடுத்த சிவப்பு டையோடு 660 நானோமீட்டர், ஆன்லைனில் வாங்கிய பச்சை 532, நீலம் 450. மூன்றும் தலா 200 மில்லிவாட். மூன்றும் சமமாக இருப்பதால் சேர்த்தால் வெள்ளை வந்துவிடும், மற்ற நிறமெல்லாம் தானாக வரும் என்கிறான் நண்பன். சரிதானா?

ஏப்ரல் 9, இரவு

வெள்ளை வராது. வானநீலம் மாதிரி ஒன்று வரும், சிவப்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

மில்லிவாட் என்பது லேசர் எவ்வளவு ஆற்றலைத் தள்ளுகிறது என்ற கணக்கு. கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது வேறு கணக்கு. நல்ல வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டரில்தான் உச்சமாகப் பார்க்கிறது. அதை 1 என்று வைத்தால் 532 பச்சைக்கு 0.88, 520 பச்சைக்கு 0.71, 638 சிவப்புக்கு 0.19, 650க்கு 0.107, 660க்கு 0.061. நீலம் 450க்கு 0.038 மட்டும். உங்கள் 200 மில்லிவாட்களை லூமெனாக (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு) மாற்றினால் பச்சை சுமார் 120, சிவப்பு 8, நீலம் 5.

நீலம் 5 லூமென்தானா என்று பயப்படத் தேவையில்லை. நீலத்தின் நிற இழுப்பு அதிகம், கொஞ்சம் ஊற்றினாலே கலவை அதன் பக்கம் போய்விடும். உங்கள் கையில் இருப்பதில் இடறுவது சிவப்பு ஒன்றுதான்.

ஏப்ரல் 10

"அப்ப எவ்வளவுதான் வைக்கணும்" என்று கேட்டு ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருக்கிறது. சிஐஇ 1931 நிற அட்டவணையை (கண் நிறங்களை உணர்வதற்கான உலகப் பொதுக் கணக்கு) வைத்து, பகல் வெளிச்ச வெள்ளையான டி65க்குப் போட்ட கணக்கு இது.

பச்சை 520இல் 100 மில்லிவாட் வைத்தால், நீலம் 450இல் 57, 58 போதும். சிவப்பு 638 என்றால் 145 வேண்டும். 650 என்றால் 245. 660 என்றால் 415.

அந்த சிவப்பு வரிசையைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். 638இலிருந்து 660க்கு வெறும் 22 நானோமீட்டர் தள்ளினால் மூன்று மடங்கு மில்லிவாட் தேவைப்படுகிறது. நிறமும் சும்மா இல்லை, 660 ஒரு கறுத்த சிவப்பு, 638 குங்குமச் சிவப்புக்குப் பக்கத்தில் வரும். நான் மைக் செட், லைட் செட் வாடகைக்கு விடுகிற தொழிலில் இருக்கிறேன், லேசர் கட்ட வந்து கேட்கிற ஒவ்வொரு பையனிடமும் முதலில் சொல்வது, பட்ஜெட்டை சிவப்பிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதைத்தான். நீலத்தில் வாட் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது, அதனால் எல்லோரும் அதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சிவப்பு எவ்வளவு கிடைக்குமோ அதற்குத் தக்கபடிதான் பச்சையும் நீலமும் வைக்க முடியும்.

உங்கள் 660ஐயே வைத்து, 532 பச்சையோடு வெள்ளை கட்டினால் பச்சையை 48 மில்லிவாட்டுக்கும் நீலத்தை 33க்கும் இறக்க வேண்டும். மொத்தம் 38 லூமென் வெள்ளை. அதே 200 மில்லிவாட் சிவப்பு 638 ஆக இருந்தால், 520 பச்சை 138, நீலம் 80 வரை ஏற்றலாம், மொத்தம் 95 லூமென் வரை போகும். சிவப்பு ஒன்றை மாற்றினதற்குக் கிடைக்கிற பலன் இதில் பெரும்பகுதி.

ஏப்ரல் 10, கொஞ்ச நேரம் கழித்து

டிவிடி டையோடை வீசிவிடாதீர்கள். கண்ணாடி, லென்ஸ் எல்லாம் நேராக நிற்கிறதா என்று பார்க்க, குறைந்த மின்னோட்டத்தில் அது நல்லது. இன்னொரு உபயோகமும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 13

பச்சை பற்றி. 532க்கும் 520க்கும் 12 நானோமீட்டர்தானே, எதுவானால் என்ன என்று ஓமலூர் நண்பர் கேட்கிறார். கண்ணுக்கு 532தான் அதிக வெளிச்சம், அது உண்மை. ஆனால் உள்ளே இரண்டும் வேறு வேறு சாமான். 532 மாட்யூலுக்குள் ஒரு 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டுகிறது, அது 1064 அகச்சிவப்பைத் தருகிறது, அதற்கடுத்த கேடிபி படிகம் அதை இரட்டித்து 532 ஆக்குகிறது. மூன்று கட்டம். 808 டையோடு சூடானால் டிகிரிக்கு சுமார் 0.3 நானோமீட்டர் நகரும், படிகம் அதை விழுங்குவது குறையும், பச்சை மங்கும். சேலத்தில் மே மாதம் மத்தியானம் சரிபார்த்து வைத்த பச்சை, இரவு ஏற்காட்டில் குளிரில் பாதியாகத் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன், நடுநடுவே தானாகப் பெருகி அடங்கும். வெள்ளைக் கோடு வரைந்துகொண்டிருக்கும்போது அது இளஞ்சிவப்புக்கும் பச்சைக்கும் ஆடும்.

520 நேரடி டையோடு. 2012, 2013 வாக்கில்தான் கடைக்கு வர ஆரம்பித்தது. மின்னோட்டம் போனால் வெளிச்சம், நின்றால் இருட்டு, வேகமாக அணைத்து ஏற்றலாம். நிற விளையாட்டுக்கு அதுதான் வேண்டும். 532ஐ நொடிக்குப் பல ஆயிரம் முறை பாதி வெளிச்சம், கால் வெளிச்சம் என்று ஆட்டினால் கோடுகளின் ஓரத்தில் வால் விழும்.

இதைவிடப் பெரிய விஷயம் அகச்சிவப்பு. மலிவான 532இல் வடிகட்டிக் கண்ணாடி போடாமல் விற்கிறார்கள். 2010இல் அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனமான என்ஐஎஸ்டியின் ஆய்வாளர்கள் 15 டாலர் பச்சை பாயின்டர் ஒன்றைச் சோதித்தார்கள், பச்சை மங்கல், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஏறக்குறைய 20 மில்லிவாட் வந்தது. மங்கலாக இருக்கிறதே என்று பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பவன் கண் என்ன ஆகும்? அதனால் 532 வைத்திருப்பவர்கள் வடிகட்டி இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பெட்டிக்குள் தலையை விடாதீர்கள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். ஒருவர், 405 ஊதாவைச் சேர்த்தால் நிறம் கூடுமா என்கிறார். வேண்டாம். கண்ணுக்கு அது ஏறக்குறைய தெரியாது, ஆனால் ஆபத்து அப்படியே இருக்கிறது. வெளிச்சமாகத் தெரிந்தால் இமை தானாக மூடும், அந்த அனிச்சை சுமார் கால் நொடி. 405க்கு அந்த அனிச்சை சரியாக வேலை செய்யாது. வெள்ளைச் சட்டையில் பட்டால் மினுங்கும், அந்த மினுங்கல்தான் சிலருக்குப் பிடித்துப்போகிறது. அதற்காக ஒரு கண்ணை அடமானம் வைக்க முடியாது.

ஏப்ரல் 21

நீலத்துக்கு வருகிறேன். 2010 வாக்கில் கேசியோ புரொஜெக்டர் ஒன்றைப் பிரித்து அதற்குள்ளிருந்த 24 நீல டையோடுகளை எடுத்துத்தான் உலகம் முழுக்க வீட்டு லேசர்க்காரர்கள் நீலத்துக்கு வந்தார்கள். அது 445. இப்போது 450 சாதாரணம், ஒரு டையோடே ஒன்றிரண்டு வாட் தரும். வெள்ளை கட்டுவதற்கு அது தாராளம்.

ஆனால் தனி நீலமாகப் பார்த்தால் 450இல் ஒரு கத்தரிப்பூச் சாயல் இருக்கும். மயில் கழுத்து நீலம் வேண்டும் என்பவர்கள் 465 பாருங்கள், கண்ணுக்கு 450ஐவிடச் சுமார் இரண்டு மடங்கு வெளிச்சம், விலை கூட. அம்மன் வண்டியில் முருகன் மயில் வரைகிற எண்ணம் இருந்தால் இது யோசிக்க வேண்டியது. வெறும் கதிர்களும் பூக்களும் என்றால் 450 போதும்.

ஏப்ரல் 22

நேற்று எழுதினதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று தோன்றுகிறது. மயிலுக்கு 465 வாங்குவதைவிட, 450 நீலத்தோடு 520 பச்சையைக் கொஞ்சம் கலந்தால் அந்தச் சாயல் பெரும்பாலும் வந்துவிடும். கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை இரண்டாவது சிவப்பு டையோடில் போடுங்கள். திரும்பத் திரும்ப சிவப்புக்கே வந்து நிற்கிறேன், ஏனென்றால் பார்க்கிற ஒவ்வொரு வீட்டு புரொஜெக்டரும் அங்கேதான் சோகை பிடித்து நிற்கிறது.

ஏப்ரல் 30

சிவப்பு டையோடுகளைச் சேர்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். ஒரே அலைநீளம் இரண்டை டைக்ரோயிக் கண்ணாடியால் சேர்க்க முடியாது, அந்தக் கண்ணாடி நிறத்தைப் பார்த்துத்தான் விடும் அல்லது திருப்பும். ஒன்றின் முனைவாக்கத்தை (ஒளி அலை அதிரும் திசையை) 90 டிகிரி திருப்பி, முனைவாக்கக் கனசதுரத்தில் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அதன் பிறகுதான் பச்சையும் நீலமும் டைக்ரோயிக் வழியாக வந்து சேரும்.

இன்னொரு விஷயம், அதிக சக்தி 638 டையோடுகளின் கதிர் தடிமனான பட்டையாக வரும், பச்சை மாதிரி மெல்லிய புள்ளியாக வராது. கேல்வோவின் (கதிரை வேகமாக ஆட்டிப் படம் வரைகிற மோட்டார்) கண்ணாடி சில மில்லிமீட்டர்தான், அதில் அடங்காததெல்லாம் பெட்டிக்குள்ளேயே வீண். உருளை லென்ஸ் ஜோடி போட்டுப் பட்டையைச் சுருக்கலாம். எழுத்து, கோலம் மாதிரி மெல்லிய கோடு வரைய ஆசைப்படுபவர்கள் 100, 200 மில்லிவாட் அளவிலுள்ள ஒற்றை மோடு (கதிர் மெல்லிய ஒரே புள்ளியாக வரும் வகை) 638 டையோடு வாங்குவது நல்லது. வெளிச்சம் குறைவு, கோடு சுத்தம்.

மே 6

வெயில். பெட்டிக்குள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. பச்சையும் நீலமும் ஓரளவு தாங்கும், சிவப்பு டையோடுதான் முதலில் படுக்கும். சூடேற ஏற ஒளி குறைகிறது, அதோடு அலைநீளம் டிகிரிக்கு சுமார் 0.2 நானோமீட்டர் நீள்கிறது. 20 டிகிரி ஏறினால் 638 போய் 642 ஆகும், கண்ணுக்கு அது இன்னும் மங்கல். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அடித்தகடு பற்றி ஒருவர் நம் ஊர் எவர்சில்வரையே போடலாமே, துருப்பிடிக்காது, எளிதாகக் கிடைக்கிறது என்கிறார். சேலம் உருக்காலைத் தகடு மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தம், மீட்டருக்கு, டிகிரிக்கு 15 வாட் அளவு. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல். டையோடுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, லேத் பட்டறையில் மட்டமாகச் சீவி வாங்குங்கள். மேல் மூடிக்கு எவர்சில்வர் தாராளமாகப் போடலாம்.

மே 19

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் வரவேற்பு நிகழ்ச்சி, புரொஜெக்டரைக் கொண்டுபோயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறக்கியதும் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். கண்ணாடித் தாங்கிகளின் திருகுகளை நேர் செய்தபின் ஒரு சொட்டு பிசின் வைத்திருந்தால் இந்த வேலை இல்லை. மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் கட்டாயம் வையுங்கள்.

பனி இறங்கினபோது புகை மெஷினே தேவைப்படவில்லை. ஆனால் நிறம் மாறுகிறது, அதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். மூடுபனித் துளி அலைநீளத்தைவிட மிகப் பெரியது, பத்து மைக்ரான் அளவு. அது எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கிறது. புகை மெஷினின் மெல்லிய புகை, சாம்பிராணிப் புகை எல்லாம் மிகச் சிறிய துகள், அதில் நீலம் அதிகம் சிதறும். சாம்பிராணிப் புகை பக்கவாட்டில் நீலமாகத் தெரிவது அதனால்தான். ஆக, மண்டபத்துப் புகையில் நீலத்தைக் குறைத்துச் சரிசெய்த வெள்ளை, மூடுபனியில் கொஞ்சம் மஞ்சளடிக்கும்.

அதற்கு நேர் எதிராக இன்னொன்றும் நடக்கிறது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் கண்ணின் உச்சம் 555இலிருந்து 507 பக்கம் நகர்கிறது. அப்போது மங்கலான கதிர்களில் சிவப்பு செத்துவிடும், நீலமும் பச்சையும் எழும். அதனால் அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் வைத்த விகிதத்தை மலையில் அப்படியே நம்பாதீர்கள், மூன்று நிறத்துக்கும் தனித்தனி குமிழ் வெளியே வைத்துவிடுங்கள். பனி ரொம்ப அடர்ந்தால் எந்த அலைநீளமும் உதவாது, பத்தடி தாண்டாது.

மே 20

பெல்டியர் (மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும் தகடு) வைத்து டையோடைக் குளிர்விப்பவர்களுக்கு. மூடுபனியில் காற்று ஏற்கெனவே ஈரத்தின் எல்லையில் நிற்கிறது, அதைவிட ஒரு டிகிரி குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். டைக்ரோயிக் மேல் ஈரம் படிந்தால் கதிர் சிதறும், டையோடு கால்களில் படிந்தால் டையோடே போகும். மலையில் பெல்டியரை அணைத்துவிட்டு மின்விசிறியோடு விடுங்கள், பெட்டியின் வாயைக் கண்ணாடியால் மூடுங்கள், நிகழ்ச்சிக்கு முன்பே ஓடவிட்டுக் கொஞ்சம் சூடாக்கி வையுங்கள்.

ஜூன் 11

குகைத் தம்பி 638 வாங்கிவிட்டாராம். நல்லது. இனி கோபமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "வண்டி மேலிருந்து ஜனங்க மேல கதிரை விசிறினா செம்மையா இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். செய்யவே கூடாது.

500 மில்லிவாட்டுக்கு மேல் போனால் அது நான்காம் வகுப்பு லேசர், அந்த வகைப்பாட்டின் உச்சம். கேல்வோ ஓடிக்கொண்டிருக்கும்போது கதிர் ஓர் இடத்தில் நிற்பதில்லை, அது நின்றுபோன அந்த நொடியில் முழு வாட்டும் ஒரே புள்ளியில், அந்தப் புள்ளி யாருடைய கண்ணாகவும் இருக்கலாம். கால் நொடி அனிச்சை காப்பாற்றும் என்பது ஒரு மில்லிவாட் அளவுக்குப் பேசுகிற பேச்சு. அம்மன் வேஷம், கிருஷ்ணன் வேஷம் கட்டியவர்கள் தலையில் ஜிகினாக் கிரீடம், கண்ணாடிக் கல், பக்கத்தில் வெள்ளிக் குடம். ஒவ்வொன்றும் கதிரை எங்கேயோ திருப்பும். தோள்மேல் உட்கார்ந்து பார்க்கிற குழந்தையின் கண் உயரம் உங்கள் கதிரின் உயரம்தான். வீடியோ எடுக்கிறவர்களின் போன் சென்சாரும் போகும்.

வழி இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் வெள்ளைத் திரை கட்டுங்கள். புரொஜெக்டர் உள்ளே, திரைக்கும் அதற்கும் நடுவே பெட்டி மாதிரி அடைத்து, யாரும் தலையை நுழைக்க முடியாதபடி. கேல்வோ நின்றால் லேசரை வெட்டுகிற பாதுகாப்புச் சர்க்யூட் கட்டாயம், சாவி போட்ட சுவிட்ச் ஒருவர் கையில். திரையில் வரைந்தால் தேவையான சக்தியும் குறைவு, ஒற்றை மோடு சிவப்பே போதும்.

ஜூன் 12

வானத்தில் அடிக்கலாமா என்று ஒருவர். கூடாது. கமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது, விமானி கண்ணில் பச்சை ஒரு விநாடி பட்டாலே இறங்கும் நேரத்தில் எதுவும் தெரியாது. ஏற்காடு பகோடா பாயின்ட்டிலிருந்து ஊரைப் பார்த்து அடிப்பதும், மலைப்பாதைப் பக்கம் திருப்புவதும் இதே கணக்கு.

கண்ணாடி பற்றியும் இங்கேயே. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி நீலத்தையும் பச்சையையும் தடுக்கும், சிவப்பை அப்படியே விடும். சிவப்பை நேர் செய்யும்போது அது வெறும் அலங்காரம். எந்த நிறத்தோடு வேலையோ அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போட்டு, சக்தியை அடிமட்டத்துக்கு இறக்கி நேர் செய்யுங்கள்.

ஜூன் 25

488 வானநீலத்தை நாலாவதாகச் சேர்க்கலாமா என்று நல்ல கேள்வி. பழைய காலத்து பெரிய ஷோக்களில் ஆர்கான் வாயு லேசர் 488, 514.5 இரண்டும் தந்தது, கிரிப்டான் 647.1 சிவப்பும் 568.2 மஞ்சளும் தந்தது. தண்ணீர்க் குழாயும் த்ரீ ஃபேஸ் கரண்டும் இல்லாமல் அவை ஓடாது. அந்த 488இன் அடர்த்தியை 450, 520 கலந்து முழுதாகக் கொண்டுவர முடியாது, பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த நிறம் மேல் தனி ஆசை. ஆனால் முதல் புரொஜெக்டருக்கு மூன்று போதும்.

ஜூலை 2

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "நீ சொல்ற சிவப்பு எனக்குத் தெரியவே மாட்டேங்குதுப்பா" என்றார். சிலருக்குச் சிவப்பை உணரும் செல்களே வேலை செய்வதில்லை, அவர்களுக்கு 650, 660 எல்லாம் ஏறக்குறைய கறுப்பு. 638 கொஞ்சமாவது தெரியும். அவருக்காகப் பெயர் எழுதும் கோடுகளை மஞ்சளாக மாற்றினேன், பச்சை கலந்ததால் படிக்க முடிந்தது. கூட்டத்தில் இப்படிப் பலர் இருப்பார்கள், எழுத்துகளைத் தனிச் சிவப்பில் போடாதீர்கள்.

ஜூலை 8

டிரைவர் (டையோடுக்கு மின்னோட்டம் தரும் சர்க்யூட்) வாங்கும்போது அனலாக் மாடுலேஷனா, அதாவது வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். டிடிஎல் மட்டும் என்றால் ஒவ்வொரு நிறமும் எரியும் அல்லது அணையும், மொத்தம் ஏழு நிறம். இத்தனை அலைநீளக் கணக்கும் அப்போது வீண், பாதிச் சிவப்பு என்பதே அதில் கிடையாது. அனலாக்கிலும் டையோடு ஒரு குறிப்பிட்ட மின்னோட்டம் வரை ஒளிராது, அந்த ஆரம்பப் புள்ளியை மூன்றுக்கும் தனித்தனியாகச் சரி செய்தால்தான் மங்கும்போது வெள்ளை வெள்ளையாகவே மங்கும்.

ஜூலை 12

"638 என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள், 650 மாதிரி தெரிகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?" டிவிடி டையோடுக்கு இன்னொரு உபயோகம் என்று ஏப்ரலில் சொன்னது இதற்குத்தான்.

ஒரு பழைய சிடியை எடுத்து, மேலுள்ள வெள்ளிப் படலத்தை டேப் ஒட்டி உரித்துவிடுங்கள். மிஞ்சும் பிளாஸ்டிக்கில் 1.6 மைக்ரான் இடைவெளியில் தடங்கள் இருக்கும். லேசரை சில மில்லிவாட்டுக்கு இறக்கி, அதன் வழியாக நேர் செங்குத்தாக விடுங்கள். சரியாக 1 மீட்டர் தள்ளிச் சுவரில் நடுப்புள்ளியும் அதன் இரு பக்கமும் புள்ளிகளும் விழும். நடுவிலிருந்து பக்கப் புள்ளிக்குள்ள தூரத்தை அளங்கள். 638 என்றால் 43.5 சென்டிமீட்டர், 650 என்றால் 44.5, ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் டிவிடி டையோடு 660 என்றால் 45.3. சிடி கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு தவறும் என்பதால் இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். முதலில் பழைய 532 பச்சையை விட்டுப் பாருங்கள், படிகம் தருகிற அலைநீளம் என்பதால் அது நகராது, 35.3 வர வேண்டும். அது வந்தால் உங்கள் அமைப்பு சரி, அப்புறம் புதுச் சிவப்பை அளங்கள். 44 தாண்டினால் திருப்பி அனுப்பிவிட்டு வேறு கேளுங்கள், ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது.